லாஸ்ட் கிரேடு

வெள்ளைக்கார சர்க்காரின் விதிப் புத்தகம் தன் ஊழியர்களை இரண்டு கூறாகப் பிரித்து வைத்திருந்தது. ஒன்று 'சுப்பீரியர் சர்வீஸ்'. மற்றது 'இன்ஃபீரியர் சர்வீஸ்'. கோபக்கார துரை ஒருவர் ஆத்திரத்தில் சொல்லிவிட்ட வார்த்தை என்று இதைத் தள்ளிவிட முடியாது. அச்சில் ஏறிய சொல் இது. ஒருவருக்கு எத்தனை நாள் விடுப்பு, கிழவனான பிறகு எவ்வளவு ஓய்வூதியம் என்பதையெல்லாம் இந்தச் சொல்தான் முடிவு செய்தது. பியூன், தோட்டக்காரர், இரவுக் காவலர், பங்கா இழுக்கிறவர், கக்கூஸ் கழுவுகிறவர் எல்லாரும் இன்ஃபீரியர். பேனா பிடித்த குமாஸ்தாக்கள் ஒரு படி மேலே, 'சப்ஆர்டினேட்'. அவர்களுக்கும் மேலே இருந்தவர்களுக்குத்தான் வகுப்பு எண்.

1946-இல் முதல் சம்பளக் கமிஷன் அமைந்தது. தலைவர் நம் பக்கத்து மனிதர், ஃபெடரல் கோர்ட் நீதிபதியாக இருந்த சீனிவாச வரதாச்சாரியார். மறுவருடம் வந்த அறிக்கையில் குறைந்தபட்ச ஊதியம் அடிப்படை 30 ரூபாய், பஞ்சப்படி 25, ஆக 55 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். சப்ஆர்டினேட், இன்ஃபீரியர் என்ற இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டு, மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்பு என்று எழுதுங்கள் என்றார்கள். சுதந்திரம் பிறக்கிற வருடத்தில், ஊழியனை 'தாழ்ந்தவன்' என்று காகிதத்தில் எழுதிவைப்பது அடுக்காது என்று ஒரு நீதிபதிக்குத் தோன்றியிருக்கிறது. அந்த மனத்தை நான் மதிக்கிறேன்.

டெல்லியில் நாலாம் வகுப்பு வந்தது. எங்கள் மதராஸ் ராஜ்யத்தில் அதற்கு நேரான பெயர் 'லாஸ்ட் கிரேடு'. கடைசிப் படி. என் அப்பா ஐம்பதுகளின் நடுவில் தென் மாவட்டம் ஒன்றின் தாலுகா ஆபீசில் சேர்ந்தபோது அந்தப் படியில்தான் சேர்ந்தார்.

ஊரில் யாரும் அவரை லாஸ்ட் கிரேடு என்று சொல்லவில்லை. கிழவர்கள் 'கச்சேரிச் சேவகன்' என்றார்கள். இடுப்பில் பித்தளைப் பில்லை கட்டிய காலத்தை நினைவு வைத்திருந்த ஒரு பாட்டி 'பில்லைச் சேவகன்' என்பார். ஆபீசில் 'ஏ பியூனு'. பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஹெட் கிளார்க் ஒருவர் மட்டும்தான் என்று அப்பா அடிக்கடி சொல்வார். அந்த ஹெட் கிளார்க் இறந்தபோது அப்பா செருப்பில்லாமல் சுடுகாடு வரை நடந்து போனார்.

அவருடைய வேலை என்ன என்று இன்றைக்கு யாருக்கும் சொல்லிப் புரியவைப்பது கடினம். காலையில் எல்லாருக்கும் முன்னால் போய் ஜன்னல்களைத் திறக்க வேண்டும். பானையில் தண்ணீர் நிரப்ப வேண்டும். மைதா மாவில் பசை காய்ச்ச வேண்டும். அரக்கு உருக்கி உறைகளுக்கு முத்திரை வைக்க வேண்டும். கோணி ஊசியால் கோப்புகளைக் கட்டாகத் தைக்க வேண்டும். தபால் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோர்ட்டுக்கும் கருவூலத்துக்கும் நடக்க வேண்டும். ஜமாபந்தி வந்தால் கணக்குப் பெட்டிகளை மாட்டுவண்டியில் ஏற்றி இறக்கி, இரவில் அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே படுக்க வேண்டும். எட்டாம் வகுப்புதான் படித்திருந்தார். ஆனால் ரெக்கார்ட் ரூமில் நிரந்தரமாகக் காக்க வேண்டிய ஆர்.டிஸ். கட்டுகள் எந்த அலமாரி, சில வருடம் வைக்க வேண்டிய டி.டிஸ். எந்த அலமாரி, கழிக்க வேண்டிய எல்.டிஸ். கட்டுகள் எந்த மூலை என்பது அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். நிலத் தகராறில் முப்பது வருடத்துக்கு முந்தைய உத்தரவு ஒன்று வேண்டுமென்றால் வக்கீல் குமாஸ்தாக்கள் முதலில் தேடுவது அவரைத்தான். அந்த அறிவுக்கு விதிப் புத்தகத்தில் பெயர் இல்லை.

அவருக்கு வந்த ஒரு மெமோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிகாரி வீட்டு எருமைக்குப் புல் அறுத்துக்கொண்டு வரச் சொல்லி ஆள் வந்தது. அன்று தாத்தாவுக்குத் திதி. "இன்னைக்கு முடியாதுங்கய்யா, நாளைக்கு வெள்ளன வந்து அறுத்துப் போடுதேன்" என்று சொல்லியனுப்பினார். செவ்வாய்க்கிழமை ஒழுங்கு நடவடிக்கை விதியின் பதினேழு ஏ மெமோ வந்துவிட்டது. ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் லிப்கோ அகராதி இருந்தது. 'இன்சப்ஆர்டினேஷன்' என்ற அந்த நீளமான வார்த்தையை அதில் தேடிக் கண்டுபிடித்து, கீழ்ப்படியாமை என்று அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா அடுப்படியிலிருந்து, "எருமைக்குப் புல் அறுக்கதுமா கவர்மென்டு வேலை?" என்று கேட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை. கிளார்க் ஒருவர் எழுதிக்கொடுத்த விளக்கத்தில், தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன் என்று முடிவில் போட்டுக் கையெழுத்து வைத்தார். ஆறு மாத இன்கிரிமென்ட் போயிற்று.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலம் நல்ல காலம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போலீசில் அதிகாரி வீட்டுக்குக் காவலரை வேலைக்கு அனுப்பும் 'ஆர்டர்லி' முறையைத் தமிழ்நாடு அரசு 1979-லேயே அரசாணை போட்டு ஒழித்தது. 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஒழிக்கச் சொல்லி மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. 43 வருடம் காகிதத்தில் செத்துக் கிடந்த ஒரு பதவி வீடுகளில் உயிரோடு சமைத்துக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும் இருந்திருக்கிறது. ரயில்வேயில் இதைவிட மோசம். அதிகாரி வீட்டு வேலைக்கு வைக்கிற 'பங்களா பியூன்' என்ற பெயர் கூச்சமாக இருந்ததோ என்னவோ, அதை 'டெலிஃபோன் அட்டெண்டன்ட் கம் டாக் கலாசி' என்று மாற்றினார்கள். தொலைபேசி எடுப்பவர், தபால் கொண்டுபோகிறவர் என்று பொருள். அவர் கையில் இருந்ததோ கரண்டியும் குழந்தையின் பள்ளிக்கூடப் பையும். 2020 ஆகஸ்டில்தான் அந்தப் பதவிக்குப் புதிதாக ஆள் எடுப்பதை ரயில்வே வாரியம் நிறுத்தியது.

சாதியைச் சொல்லாமல் இந்தப் படிக்கட்டைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. லாஸ்ட் கிரேடுக்குள்ளேயே ஒரு லாஸ்ட் கிரேடு இருந்தது. பானையில் தண்ணீர் நிரப்புகிறவர் ஒரு சாதி, கக்கூஸ் கழுவுகிறவர் ஒரு சாதி. 'தோட்டி' என்பது பதவியின் பெயரா சாதியின் பெயரா என்று பிரிக்க முடியாதபடி ஒட்டியிருந்தது. எங்கள் ஆபீசில் பெருக்குகிறவருக்குத் தனித் தம்ளர். பியூன்கள் உட்கார ஒரு பெஞ்சு உண்டு. அவருக்கு அதுவும் இல்லை, வேப்பமரத்தடிதான். பிறகு அந்தப் பெயர் துப்புரவுப் பணியாளர் ஆயிற்று, அதன்பின் தூய்மைப் பணியாளர் ஆயிற்று. பெயர் மாறியதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு சாதியின் பெயரை ஒருவர் வேலையாகச் சுமக்க வேண்டியதில்லை என்பது பெரிய விடுதலை. ஆனால் இன்றைக்கும் அந்தப் பதவிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். யார் வீட்டுப் பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள் என்று சொல்ல உங்களுக்கு ஆராய்ச்சி தேவைப்படாது.

இத்தனை அவமானத்துக்கும் நடுவில் அப்பாவிடம் ஒன்று இருந்தது. அவரை யாரும் 'நாளையிலிருந்து வராதே' என்று சொல்ல முடியாது. அரசியல் சட்டத்தின் 311-ஆம் பிரிவு அதைத் தடுத்தது. அவரை நியமித்த அதிகாரிக்குக் 'கீழ்ப்பட்ட' ஓர் அதிகாரி அவரை வேலையிலிருந்து நீக்க முடியாது. குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரித்து, பதில் கேட்காமல் நீக்க முடியாது. கலெக்டருக்கு அந்தப் பிரிவு எப்படியோ அப்படியே பியூனுக்கும். அந்தப் பிரிவின் ஆங்கில மூலத்தில் நிற்கிற சொல்லும் 'சப்ஆர்டினேட்'தான். அப்பாவை மெமோவில் வளைத்த வார்த்தையின் அடிச்சொல், சட்டத்தில் அவரைத் தாங்கிப் பிடித்தது. புல் அறுக்காததற்கு இன்கிரிமென்ட்டை வெட்டத்தான் முடிந்தது. வேலையை வெட்ட முடியவில்லை.

அதனால் ஒன்றாம் தேதி சம்பளம் வந்தது. பி.எஃப். பிடித்தார்கள், அக்காவின் கல்யாணத்துக்கு அதிலிருந்து எடுத்தோம். தீபாவளிக்குப் பண்டிகை முன்பணம் வந்தது. மற்றவர்கள் 58 வயதில் ஓய்வு பெற்றபோது கடைநிலை ஊழியர்களுக்கு மட்டும் 60. அந்த இரண்டு வருடத்தில்தான் என் தம்பியின் டிப்ளமா முடிந்தது. அப்பாவின் காலத்துக்குப் பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம். வருடம் ஒருமுறை கருவூலத்தில் நேர்காணலுக்குப் போகும்போது அம்மா நல்ல சேலை கட்டிக்கொள்வாள். "எம் புருசன் கவர்மென்டுல இருந்தாரு" என்பதைப் பேருந்தில் பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம் எப்படியாவது சொல்லிவிடுவாள். எந்தப் படி என்று சொல்ல மாட்டாள்.

அந்த மறைப்பு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பழக்கம். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'அரசு ஊழியர்' என்று எழுதுவோம். அக்காவின் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயருக்குக் கீழே 'வருவாய்த்துறை' என்று மட்டும் அச்சடித்தோம். சம்பந்தி வீட்டாரும் புரிந்துகொண்டு பேசாமல் இருந்தார்கள். பின்னால் லாஸ்ட் கிரேடு என்பது அடிப்படைப் பணி ஆயிற்று. பியூன், அலுவலக உதவியாளர் ஆனார். தங்கையின் கல்யாணப் பத்திரிகையில்தான் முதல்முதலாக அப்பாவின் பதவி முழுதாக அச்சேறியது. புரூஃப் வந்தபோது அதை எடுத்துக்கொண்டு வாசலில் வெளிச்சத்தில் நின்று வாசித்தார். 'அலுவலக உதவியாளர், வருவாய்த்துறை.' எழுத்துப் பிழை ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிறாராம். சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எண்பதுகளில் நானும் குரூப் நான்கு எழுதி உள்ளே போனேன். என் உத்தரவில் 'இளநிலை உதவியாளர்' என்றிருந்தது. ஆனால் ஆபீசில் எல்லாரும் பழைய வழக்கப்படி எல்.டி.சி. என்றுதான் சொன்னார்கள். லோயர் டிவிஷன் கிளார்க். மேலே யூ.டி.சி., அதற்கு மேலே சூப்பரின்டென்டென்ட். ஆங்கிலத்தில் 'லோயர்', தமிழில் 'இளநிலை'. சப்ஆர்டினேட் என்பதைத் தமிழ் ஆட்சிச்சொல் ஆக்கியவர்களும் 'கீழ்' என்று போடாமல் 'சார்நிலை' என்று போட்டார்கள். சார் ஆட்சியர், சார்பதிவாளர், சார்பு நீதிமன்றம். அந்தக் குழுவில் யார் இருந்தார்களோ, நல்ல மனிதர்களாக இருந்திருக்க வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 'மைனர் எம்ப்ளாயீ' என்பதைச் 'சிற்றூழியர்' ஆக்கிவிட்டார்கள். அங்கே அரசாங்க மருத்துவமனைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இன்றும் புழங்குகிற சொல் அது.

ஆனால் நல்ல சொல்லை வாய் எப்படித் தேய்க்கும் என்பதை நான் என் பணிக்காலம் முழுக்கப் பார்த்தேன். அலுவலக உதவியாளர் என்று முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமையில்லை. 'ஓ.ஏ.' ஆயிற்று. "ஓ.ஏ.வக் கூப்பிடு." "ஓ.ஏ. எங்க போய்த் தொலஞ்சான்?" பியூன் என்ற சொல்லில் இருந்த அத்தனை அலட்சியமும் மூட்டை முடிச்சோடு இரண்டு எழுத்துக்குள் குடிவந்துவிட்டது. எங்கள் பிரிவில் கருணை அடிப்படையில் வேலைக்கு வந்த ஒரு பெண் இருந்தார். எம்.ஏ. பொருளாதாரம். அதிகாரி மேசையில் மணி இரண்டு தடவை அடித்தால் அவர் போக வேண்டும், ஒரு தடவை என்றால் கிளார்க். அவருடைய பெயர் அந்த அதிகாரிக்குக் கடைசிவரை தெரியாது. உத்தரவில் உதவியாளர், மணியில் இரண்டு அடி.

மேலே இருக்கிறவர்களுக்கும் இந்த முள் குத்தத்தான் செய்கிறது. மாவட்ட நீதிபதி மரண தண்டனை விதிக்கிற அதிகாரம் உள்ளவர். உயர்நீதிமன்றம் உறுதி செய்தால் போதும். ஆனால் அரசியல் சட்டத்தில் அவர் நீதிமன்றம் வருகிற அத்தியாயத்தின் தலைப்பு 'சப்ஆர்டினேட் கோர்ட்ஸ்'. உயர்நீதிமன்ற நீதிபதிகள் உணவருந்தும்போது மாவட்ட நீதிபதிகள் நின்றுகொண்டிருக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்ததாக 2022-இல் அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் வெளிப்படையாகச் சொன்னார். அவர்களைக் கீழ்ப்பட்டவர்களாக நினைக்கும் மனப்போக்கு மாற வேண்டும் என்றார். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று, விசாரணை நீதிமன்றங்களை 'லோயர் கோர்ட்' என்று எழுதுவதை விட்டுவிடும்படி தன் பதிவாளர் அலுவலகத்துக்குச் சொன்னது. லோயர் கோர்ட் ரெக்கார்ட் என்பதை இனி டிரையல் கோர்ட் ரெக்கார்ட் என்று எழுத வேண்டும். மனதார வரவேற்கிறேன்.

ஆனால் அதே கோர்ட் வளாகத்தில் இன்னொரு பதவி இருக்கிறது. மசால்ஜி. தீவட்டி பிடிக்கிறவர், விளக்கேற்றுகிறவர் என்று பொருள். மின்சாரம் வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. 2024-இல் தமிழ்நாட்டு மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஆள் எடுக்க சென்னை உயர்நீதிமன்றம் விளம்பரம் கொடுத்தபோதும் பட்டியலில் மசால்ஜி இருந்தார், இரவுக் காவலரோடு சேர்த்த மசால்ஜியும் இருந்தார். 2021-இல் உயர்நீதிமன்றத்துக்கே ஆள் எடுத்தபோது 'ரூம் பாய்' என்று ஒரு பதவி. நாற்பது வயதிலும் அவர் பாய். நீதிபதியின் மனக்குறை உச்ச நீதிமன்றம் வரை கேட்டது. மசால்ஜியின் மனக்குறையை எழுதிவைக்க ஒரு கமிஷன் 1946-இல் இருந்தது.

இங்கே ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பெயர்கள் இவ்வளவு கசப்பானவை என்றால், படித்த பிள்ளைகள் ஏன் இவற்றுக்கு முட்டி மோதுகிறார்கள்? 2015-இல் உத்தரப் பிரதேசத்தில் 368 பியூன் இடங்களுக்கு 23 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. முனைவர் பட்டம் பெற்றவர்கள் மட்டும் 255 பேர். 2019-இல் நம் தலைமைச் செயலகத்தில், சட்டமன்றச் செயலகத்துக்கான 14 பெருக்குபவர், துப்புரவுப் பணியாளர் இடங்களுக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். பொறியியலும் எம்.பி.ஏ.வும் படித்தவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களில் யாரும் அந்தச் சொல்லுக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. அடிப்படைப் பணியின் முதல் ஊதிய நிலை 15,700 ரூபாயில் தொடங்கி 58,100 வரை போகிறது, அகவிலைப்படி தனி. மாதம் பிறந்தால் சம்பளம், காரணமில்லாமல் வீட்டுக்கு அனுப்ப முடியாத வேலை. அதற்காக என்ன பெயர் சொல்லி அழைத்தாலும் சரி என்று வருகிறார்கள்.

அந்த வேலையைத்தான் நாம் சத்தமில்லாமல் எடுத்துவிட்டோம்.

எழுபதுகளின் நடுவில் மத்திய அரசில் வகுப்பு எண்கள் போய் ஏ, பி, சி, டி என்று குரூப் வந்தது. 2008-இல் ஆறாவது சம்பளக் கமிஷன் குரூப் டி-யே வேண்டாம், எல்லாரையும் குரூப் சி-க்கு உயர்த்துங்கள் என்றது. அவர்களுக்கு 'மல்டி டாஸ்கிங் ஸ்டாஃப்' என்று பெயர் வந்தது. கடைசிப் படி காகிதத்தில் ஒழிந்தது. நல்லதுதான். ஆனால் பெருக்க வேண்டிய தரை ஒழியவில்லை, கழுவ வேண்டிய கழிப்பறை ஒழியவில்லை. அந்த வேலைகள் கொஞ்சம் கொஞ்சமாக டெண்டருக்குப் போயின. மாநிலத்திலும் அதே கதை. ஓய்வு பெற்ற பியூனின் இடம் காலியாகவே கிடக்கும். ஏஜென்சி மூலம் ஓர் ஆள் வருவார். அதற்கு முன்பே 2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் நின்று, பங்களிப்பு ஓய்வூதியம் வந்திருந்தது. என் அம்மாவுக்குக் கிடைத்த அந்தக் குடும்ப ஓய்வூதியம் அவர்களுடைய மனைவிமாருக்கு இல்லாமல் போயிற்று.

போன வருடம் ஓர் அரசு அலுவலகத்தில் என் வேலையாகக் காத்திருந்தேன். இருபத்தைந்து வயது இருக்கும், ஒரு பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் பளபளவென்று அடையாள அட்டை. அதில் 'ஃபெசிலிட்டி அசோசியேட்' என்றிருந்தது.

"என்ன வேலைம்மா இது?"

"அசோசியேட் சார்."

"கவர்மென்ட் ஆளா?"

"இல்ல சார், ஏஜென்சி. வருசத்துக்கு ஒருக்க கம்பெனி மாறும். நாங்க அப்பிடியேதான் இருப்போம்."

"பி.எஃப். உண்டா?"

"பிடிக்காங்க சார். நம்பர் கேட்டா இந்தா அந்தாங்காங்க. பழைய கம்பெனி போயிட்டு."

லீவு எடுத்தால் சம்பளம் இல்லை. கர்ப்பமாக இருந்தபோது ஏழாம் மாதம் நின்றவள், குழந்தை பிறந்த பிறகு புதிதாகச் சேர்ந்தது போலச் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு மெமோ வராது. பதினேழு ஏ, பதினேழு பி எதுவும் அவளைத் தொடாது. அவளை வேலையை விட்டு நிறுத்த ஒரு போன் போதும். அந்த அலுவலகத்தில் அவளிடம் எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். யாரும் வாடி போடி என்று சொல்லவில்லை. சூப்பரின்டென்டென்ட் 'வாங்கம்மா' என்றார். என் அப்பாவுக்குக் கனவிலும் கிடைக்காத மரியாதை அது. ஆனால் என் அப்பாவின் கையில் இருந்த எதுவும் அவள் கையில் இல்லை.

வீட்டுக்கு உணவு கொண்டுவருகிற பையன் 'பார்ட்னர்'. கிடங்கில் பெட்டி தூக்குகிறவர் 'அசோசியேட்'. பார்ட்னர் என்றால் கூட்டாளி. கூட்டாளிக்கு லாபத்தில் பங்கு இருக்க வேண்டும், நஷ்டம் மட்டும் பங்காக வரக் கூடாது. 'இன்ஃபீரியர்' என்று எழுதியவன் கொடுமைக்காரன், ஆனால் நீ எனக்குக் கீழே இருக்கிறாய், உனக்கு நான் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டான். 'பார்ட்னர்' என்று எழுதுகிறவன் நீ எனக்குக் கீழே இல்லை என்கிறான். ஆகவே எனக்கு உன்மேல் எந்தப் பொறுப்பும் இல்லை என்று முடித்துவிடுகிறான். இந்த இரண்டாவது வகை மரியாதையை நான் ஏற்க மாட்டேன்.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. மத்திய நீர் ஆணையத்தில் பல்லாண்டு பெருக்கிக்கொண்டிருந்த பெண்களையும் தோட்டவேலை பார்த்த ஒருவரையும் 2018-இல் திடீரென்று நிறுத்தினார்கள். ஜக்கோ என்ற பெண்ணின் பெயரில் அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அலுவலகம் இருக்கும் வரை இருக்கிற வேலை அது, இடைக்கால வேலை என்று பெயர் சூட்டி அவர்கள் உரிமையை மறுக்க முடியாது என்று சொல்லி, அவர்களை மறுபடி சேர்த்துப் பணிவரன்முறை செய்யும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. நிரந்தர வேலையை வெளியாருக்கு விட்டு, அதன் மறைவில் ஊழியர்களைச் சுரண்டும் போக்கையும் கண்டித்தது. பெருக்குகிற பெண் ஒருத்தியின் பெயர் இனி சட்டப் புத்தகங்களில் நிற்கும்.

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக்கு வெளியே தூய்மைப் பணியாளர்கள் நடைபாதையில் உட்கார்ந்து போராடியது உங்களுக்கு நினைவிருக்கும். தங்கள் வேலையைத் தனியாருக்கு விடாதே என்பதுதான் அவர்கள் கேட்டது. எங்களை இன்னும் அழகான பெயரில் கூப்பிடு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அரசாங்கத்திடம் நான் கேட்பதும் இதுதான். அடிப்படைப் பணியில் காலியாகும் இடங்களைக் காலமுறை ஊதியத்தில், நிரந்தரமாக நிரப்புங்கள். இருபது வருடம் அதே தரையைத் துடைத்தவரை அந்த அலுவலகத்தின் ஆள் என்று எழுதுங்கள். மசால்ஜி, ரூம் பாய் போன்ற பெயர்களையும் கையோடு மாற்றுங்கள். அதற்குச் செலவு இல்லை.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் ஏஜென்சி வழியாக வந்தவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருடைய பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அவரிடம் யு.ஏ.என். என்ற பன்னிரண்டு இலக்க வருங்கால வைப்பு நிதி எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்பதை அவருடைய செல்போனிலேயே பாஸ்புக்கைத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள். ஏறவில்லை என்றால் எழுத்தில் புகார் கொடுக்க உதவுங்கள். ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்கு வந்தவருக்கும் வைப்பு நிதி போய்ச்சேருகிறதா என்பதற்கு முதன்மை வேலையளிப்பவர்தான் பொறுப்பு என்று வைப்பு நிதித் திட்டத்தின் விதி தெளிவாகச் சொல்கிறது.